கலப்பின நாய்க்கு டிஎன்ஏ கிட்: இனப் பட்டியலைத் தாண்டி மருந்துப் பக்கத்தைப் பாருங்கள்

கலப்பின நாய்களுக்கான டிஎன்ஏ கிட்டைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: “இது என்ன கிராஸ்?” அதற்கு இந்த கிட் ஓரளவு நன்றாகவே பதில் சொல்கிறது. ஆனால் அறிக்கையில் நாயின் உயிரைக் காக்கக்கூடிய பகுதி வேறு. இனங்களும் சதவீதங்களும் வண்ணப் படமாக முதலில் வந்து நிற்கும். எந்த மருந்து தாங்காது, முதுகெலும்பு வட்டு சீக்கிரம் கெடுமா, அறுவையின்போது ரத்தம் ஒழுங்காக உறையுமா என்பதெல்லாம் பின்னால் தள்ளி இருக்கும். பலர் அதுவரை போவதே இல்லை. இந்த மதிப்பீடு அந்தப் பின்பக்கங்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறது.

சந்தையில் கிட்கள் பல. தயங்காமல் சிபாரிசு செய்யக்கூடியவை எம்பார்க், விஸ்டம் பேனல் ஆகிய இரண்டும்தான். எம்பார்க் 2 லட்சத்துக்கு மேற்பட்ட மரபணுக் குறியிடங்களை (ஒப்பிட்டுப் பார்க்கும் டிஎன்ஏ புள்ளிகளை) படிக்கிறது. விஸ்டம் பேனல் ஏறத்தாழ 1 லட்சம். இரண்டிடமும் 350-க்கு மேற்பட்ட இனங்களின் ஒப்பீட்டுத் தரவு இருக்கிறது. உடல்நலப் பகுதி முழுமையாக உள்ள கிட்டில் இரண்டுமே 200-க்கு மேற்பட்ட மரபணு நோய்நிலைகளைப் பார்க்கின்றன. வாங்கும்போது வழுக்கும் இடம் இதுதான்: இரண்டு நிறுவனங்களுமே குறைந்த விலையில் இன்னொரு கிட்டும் விற்கின்றன. எம்பார்க்கின் மலிவான கிட் இனத்தை மட்டும் சொல்லும், உடல்நலம் அதில் கிடையாது. பெட்டிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், மலிவானதை வாங்கிவிட்டு அறிக்கையில் நோய்ப் பக்கத்தைத் தேடுகிறவர்கள் உண்டு. பெட்டியின் மேல் ‘ஹெல்த்’ என்று இருக்கிறதா, எத்தனை நிலைகள் என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

மாதிரி எடுப்பது எளிது, கெடுப்பதும் எளிது. எம்பார்க்கில் பஞ்சுத் தலை கொண்ட ஒரு குச்சியும், பாதுகாப்புத் திரவம் நிரப்பிய ஒரு குழாயும் வரும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவிலும், நாக்கின் அடியில் எச்சில் தேங்கும் இடத்திலும் 30 முதல் 60 நொடி வைத்துத் தேய்க்க வேண்டும். பஞ்சு நன்றாக நனைந்த பிறகு குழாய்க்குள் இறக்கி, இறுக்க மூடி, திரவத்தோடு கலக்கும்படி குலுக்க வேண்டும். விஸ்டம் பேனலில் சின்னத் தூரிகைகள் இரண்டு. ஒவ்வொன்றையும் கன்னத்தின் உள்பக்கம் குறைந்தது 15 நொடி சுழற்றித் தேய்த்துவிட்டு, சில நிமிடம் காற்றில் உலர விட்டு உறையில் போட வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

ஆய்வகத்துக்குத் தேவை கன்னத்திலிருந்து உரியும் செல்கள். சும்மா எச்சிலைத் தொட்டுவிட்டு எடுத்தால் டிஎன்ஏ போதவில்லை என்று பதில் வரும், இன்னொரு குச்சி அனுப்புவார்கள், வாரக்கணக்கில் தாமதமாகும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து எடுங்கள். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் இரண்டும் ஒரே கிண்ணத்தில் தண்ணீர் குடித்த கையோடு, ஒரே பொம்மையைக் கடித்த கையோடு எடுக்கவே வேண்டாம். மற்றதன் செல் கலந்துவிடும். பால் குடிக்கும் குட்டியின் வாயில் தாயின் செல்லும் இருக்கும். பால் மறந்த பிறகு எடுப்பது உத்தமம். முடியாவிட்டால் தாயிடமிருந்து இரண்டு மணி நேரமாவது பிரித்து வைத்துவிட்டு எடுக்கலாம். குழாயில் உள்ள எண்ணை இணையத்தில் பதிவு செய்த பிறகே அஞ்சலில் சேருங்கள். மாதிரி ஆய்வகத்தை அடைந்த பிறகு இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் முடிவு வந்துவிடும்.

இனி அந்த வண்ணப் படம். நாய்க்கு 39 ஜோடி குரோமோசோம்கள். தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி. பாட்டன் தலைமுறையில் ஒருவரிடமிருந்து சராசரியாக 25 சதவீதம், அதற்கும் மேல் தலைமுறையில் ஒருவரிடமிருந்து 12.5. ஆனால் இது சராசரிதான். எந்தத் துண்டு யாருக்குப் போகும் என்பது ஒவ்வொரு குட்டிக்கும் மாறும். அதனால் ஒரே பேற்றில் பிறந்த இரண்டு குட்டிகளுக்கு வேறு வேறு சதவீதம் வந்தால் சோதனை பொய் என்று அர்த்தமில்லை. 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் இனத்தை நம்பலாம். 5 சதவீதத்துக்குக் கீழே போனால் துண்டுகள் மிகச் சிறியவை. நெருங்கிய உறவு கொண்ட இனங்களுக்கிடையே ஆய்வகம் தடுமாறும். எம்பார்க் இப்படிப்பட்ட மிச்சத்தை ‘சூப்பர்மட்’ என்று ஒரே பெயரில் போட்டுவிடுகிறது. அதைக் குறை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. தெளிவில்லாத 2 சதவீதத்துக்கு ஒரு இனப் பெயரை ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நாட்டு நாய் வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எந்த இனத்திலிருந்தும் பிரிந்து வராமல், தலைமுறை தலைமுறையாகத் தானாகவே இனம்பெருக்கி வாழ்ந்த நாய்களுக்குப் பிரித்துச் சொல்ல இனமே கிடையாது. எம்பார்க் அவற்றை ‘வில்லேஜ் டாக்’ என்று தனி வகையாகக் காட்டும். இப்படி ஒரு வகையே வைத்திருக்காத ஆய்வகத்துக்கு அதே நாயை அனுப்பினால், கணினி தனக்குத் தெரிந்த இனங்களில் கிட்டத்தட்டப் பொருந்துகிறவற்றை அள்ளிச் சேர்த்துவிடும். ஆறேழு இனங்கள் சிறு சிறு சதவீதமாக வந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தால் இதுவே காரணமாக இருக்கலாம்.

“பார்த்தால் லேப்ரடார் மாதிரி இருக்கிறதே, அறிக்கையில் லேப்ரடாரே இல்லையே” என்ற ஏமாற்றம் அடிக்கடி வரும். தோற்றம் மிகக் குறைந்த மரபணுக்களின் வேலை. நாய்களின் ரோமம் நீளமா, சுருளா, மீசை தாடி உண்டா என்பதைப் பெரும்பாலும் எஃப்ஜிஎஃப்5, கேஆர்டி71, ஆர்எஸ்பிஓ2 என்ற மூன்று மரபணுக்களே தீர்மானிக்கின்றன என்று 2009-இல் கண்டறிந்தார்கள். மூன்று மரபணுவை வைத்து ஒரு முழு நாயின் பரம்பரையைக் கண்ணால் அளக்க முடியாது. காப்பகங்களில் அனுபவசாலிகள் பார்த்துச் சொல்லும் இனப்பெயர்கூட டிஎன்ஏ முடிவோடு பல நேரம் ஒத்துப்போவதில்லை.

குணத்தைப் பற்றி இந்த கிட்கள் தரும் பக்கங்களுக்கு என்னிடமிருந்து குறைந்த மதிப்பெண்தான். அறிக்கையில் ஒவ்வொரு இனத்துக்கும் பக்கத்தில் ‘விசுவாசமானது’, ‘பிடிவாதம் உள்ளது’, ‘குழந்தைகளோடு ஒத்துப்போகும்’ என்று எழுதியிருக்கும். அது இனத்தைப் பற்றிய பொதுவான வருணனை. உங்கள் நாயின் மரபணுவில் படித்தது அல்ல. 2022-இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு 18,000-க்கு மேற்பட்ட நாய்களின் நடத்தைக் கணக்கெடுப்பையும், 2,155 நாய்களின் மரபணுத் தொடரையும் ஒப்பிட்டது. தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது ஏறத்தாழ 9 சதவீதம். சொன்னதைக் கேட்டுச் செய்யும் இயல்பில் இனத்தின் சாயல் கொஞ்சம் தெரிந்தது. எதற்கு எளிதில் சீறும் என்பதில் கிட்டத்தட்டத் தெரியவே இல்லை. ‘பிட்புல் 18 சதவீதம்’ என்று வந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, நான்கு வருடமாகக் குழந்தைகளோடு படுத்துறங்கும் நாயைச் சந்தேகப்படுவது பெரிய அநியாயம். அதேபோல் ‘கோல்டன் ரெட்ரீவர் 40’ என்று வந்த தைரியத்தில், சாப்பிடும் நாயின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தவழும் குழந்தையை விடுவது ஆபத்து.

குணத்தை அறிய நாயைத்தான் படிக்க வேண்டும். குட்டி 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரை எத்தனை விதமான மனிதர்கள், ஓசைகள், தரைகள், வாகனங்கள், பிற நாய்களைப் பயமில்லாமல் சந்தித்தது என்பது பிற்கால இயல்பை ஆழமாகப் பாதிக்கிறது. சாப்பிடாதபோதும் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியும்படி ஓரக்கண்ணால் பார்ப்பது, திடீரென்று உடல் விறைத்து அசைவற்று நிற்பது — இவை எந்த இனத்திலும் “என்னை விடு” என்பதன் அடையாளம். உறுமினால் அடிக்கக் கூடாது. உறுமலை அடக்கிவிட்டால் எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும் நாய்தான் மிஞ்சும். இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று தொடவிடாமல் சீறினால் முதலில் பல், காது, இடுப்பு, முதுகு ஆகியவற்றில் வலி இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். விடை அங்கேதான் அதிகம் கிடைக்கும்.

இப்போது காசுக்கு ஈடான பகுதி. எம்டிஆர்1 என்றும் ஏபிசிபி1 என்றும் சொல்லப்படும் மரபணு, மருந்துகள் மூளைக்குள் நுழையாமல் வெளியே தள்ளும் ஒரு புரதத்தை உருவாக்குகிறது. இதில் டிஎன்ஏவின் நான்கு எழுத்துகள் விடுபட்டுப்போனால் அந்தப் புரதம் வேலை செய்யாது. 2001-இல் இது கண்டுபிடிக்கப்பட்டது. கோலிகளில் ஏறத்தாழ 10-க்கு 7, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டுகளில் ஏறத்தாழ பாதி இதைச் சுமக்கின்றன. ஜெர்மன் ஷெப்பர்டிலும் உண்டு. கலப்பின நாயில் இது எங்கிருந்து வந்தது என்று தோற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. 10 சதவீதக் கோலி ரத்தம் உள்ள குட்டை ரோம நாயிடம்கூட இருக்கலாம்.

விளைவு என்ன? இதயப்புழு தடுக்க மாதமொருமுறை கொடுக்கும் ஐவர்மெக்டின் அளவு ஒரு கிலோ எடைக்கு 6 மைக்ரோகிராம். அது இந்த நாய்களுக்கும் பாதுகாப்பானது. சொறிக்குக் கொடுக்கும் அளவு 300 முதல் 600 மைக்ரோகிராம். அது இந்த நாய்களைக் கொன்றுவிடக்கூடியது. தள்ளாட்டம், விரிந்த கண்மணி, எச்சில் வடிதல், நடுக்கம், பார்வையிழப்பு, கடைசியில் நினைவிழப்பு என்று போகும். நேரடி முறிமருந்து கிடையாது. மாடு, குதிரைகளுக்கான ஐவர்மெக்டினை ‘ஒரு துளி’ என்று கைக்கணக்கில் நாய்க்குக் கொடுப்பது எந்த நாய்க்குமே கூடாது. இந்த நாய்க்கு அது விஷம். அண்மையில் அந்த மருந்து கொடுக்கப்பட்ட கால்நடையின் சாணத்தைத் தின்றாலும் போதும். வீட்டில் மனிதர்கள் வயிற்றுப்போக்குக்குப் போடும் லோபெரமைடு மாத்திரையும் இதே பட்டியலில் இருக்கிறது. மயக்கத்துக்கு முன் கொடுக்கும் அசிப்ரோமசின், பியூட்டார்ஃபனால் ஆகியவற்றின் அளவை, இந்த மாற்றம் ஒரு பிரதி (தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும்) உள்ள நாய்க்கு 25 சதவீதமும் இரண்டு பிரதி (இருவரிடமிருந்தும்) உள்ள நாய்க்கு 30 முதல் 50 சதவீதமும் குறைக்கச் சொல்கிறார்கள். புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின், டாக்ஸோரூபிசினும் அப்படியே. ஆகவே முடிவு வந்த அன்றே இந்த ஒரு வரியை நாயின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

வான் வில்பிராண்ட் நோயின் முதல் வகை அடுத்து பார்க்க வேண்டியது. ரத்தம் உறைவது தாமதமாகும். கருத்தடை அறுவைக்கு முன்பே தெரிந்தால், மருத்துவர் உறைதல் சோதனை செய்து, தேவையானால் ரத்தமும் தயாராக வைத்துக்கொள்வார். சிடிடிஒய் என்று குறிக்கப்படும் குட்டைக்கால் மாற்றம் ஒரே பிரதி இருந்தாலும் முதுகெலும்பு வட்டு இளம் வயதிலேயே சுண்ணாம்பு படிந்து விலகும் ஆபத்தைக் கூட்டும். அப்படி வந்தால் சோபாவிலிருந்து குதிக்க விடாமல் சாய்தளம் வைப்பது, கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்புக் கட்டு, எடை ஏறாமல் வைத்திருப்பது ஆகியவை வேண்டும். பின்கால் தள்ளாடினாலோ தூக்கும்போது கத்தினாலோ அன்றைக்கே மருத்துவமனை. கால் செயலிழந்த பிறகு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. ஹைப்பர்யூரிகோசூரியா இரண்டு பிரதி என்றால் சிறுநீர்ப் பாதையில் யூரேட் கல் உருவாகலாம். தண்ணீரை அதிகமாக்கி, ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சியைத் தவிர்த்து, சிறுநீரை அவ்வப்போது சோதிக்க வேண்டும். ஆண் நாய் சிறுநீர் கழிக்க முக்கித் தவித்தால் அது அவசரநிலை.

இந்தப் பக்கங்களைத் தவறாகப் படிப்பதால் வரும் கேடும் சிறியதல்ல. டிஜெனரேட்டிவ் மைலோபதி என்ற தண்டுவட நோய்க்கு எஸ்ஓடி1 மரபணுவில் இரண்டு பிரதி வந்தால் ‘அட் ரிஸ்க்’ என்று சிவப்பில் காட்டும். இரண்டு பிரதி உள்ள நாய்கள் எல்லாவற்றுக்கும் அந்த நோய் வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலும் 8 வயதுக்கு மேல், வலியில்லாமல் பின்கால் மெல்லத் தளரும். ஒரு நாய் முதுகு வலியோடு திடீரென்று தளர்ந்தால் காரணம் வட்டு விலகலாக இருக்கலாம், அதைச் சிகிச்சையில் சரிசெய்யவும் முடியும். அறிக்கையில் கண்ட முடிவை நம்பி நாயைக் கருணைக்கொலைக்கு ஒப்புக்கொடுத்த நேர்வு ஒன்றைச் சுட்டிக்காட்டி, 2018-இல் நேச்சர் இதழில் ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். கிட் காட்டுவது சாத்தியம். நோயை உறுதிசெய்வது மருத்துவரின் பரிசோதனை.

‘கேரியர்’ என்ற சொல்லும் வீணாகப் பயமுறுத்தும். பின்னடைவு மரபணு நோயில், அதாவது இரண்டு பிரதி சேர்ந்தால்தான் வெளிப்படும் நோயில், ஒரு பிரதி மட்டும் சுமக்கும் நாய்க்கு அந்த நோய் வராது. கருத்தடை செய்துவிட்டால் குட்டிகளுக்குப் போகவும் போகாது. 2018-இல் 1 லட்சம் நாய்களைப் பார்த்த ஆய்வில் ஏறத்தாழ 5-இல் 2 நாய்கள் ஏதாவது ஒரு நோய்மாற்றத்தைச் சுமந்தன. பரவலான பின்னடைவு நோய்களைச் சுமப்பதில் கலப்பினம் முந்தியது. அவற்றால் பாதிக்கப்படும் வாய்ப்பில் தூய இனம் முந்தியது. கலப்பினம் என்றாலே நோய் அண்டாது என்ற நம்பிக்கைக்கு இதில் பாதி உண்மைதான் இருக்கிறது. 27,254 நாய்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2013-இல் வந்த கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாக ஆய்வு 24 நோய்களைப் பார்த்தது. 10 நோய்கள் தூய இனத்தில் அதிகம், 13-இல் வேறுபாடே இல்லை, முழங்கால் தசைநார் அறுதல் ஒன்று மட்டும் கலப்பினத்தில் அதிகம்.

எல்லாக் கட்டமும் பச்சையாக வந்த அறிக்கையைப் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. இடுப்பு மூட்டுக் கோளாறு, ஒவ்வாமை, வலிப்பு, பெரும்பாலான புற்றுநோய்கள், வயிறு முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை பல மரபணுக்களும் உணவும் வாழ்க்கையும் சேர்ந்து உண்டாக்குபவை. ஒற்றை மரபணுவைப் பார்க்கும் கிட்டுக்கு அவை எட்டாது. இடுப்புக்கு எக்ஸ்ரேதான். பார்வோ, டிஸ்டெம்பர், வெறிநோய், உண்ணிக் காய்ச்சலுக்கும் இந்த அறிக்கைக்கும் தொடர்பே இல்லை; தடுப்பூசியும் உண்ணி மருந்தும் எப்போதும் போலத் தவறாமல் போக வேண்டும்.

குட்டி வளர்ப்பவர்களுக்கு வளர்ந்த எடைக் கணிப்பு மிகவும் பயன்படும். உடல் அளவில் பெரும்பகுதியைச் சில பத்து மரபணுக்கள் தீர்மானிப்பதால் இங்கே கணிப்பு நன்றாகவே அமைகிறது. 25 கிலோவைத் தாண்டும் என்று வந்தால் கால்சியம் அளவோடு உள்ள பெரிய இனக் குட்டி உணவையே கொடுங்கள், கூடுதல் கால்சியம் பொடி வேண்டவே வேண்டாம். எலும்பு கோணலாக வளரும். கருத்தடையை எந்த வயதில் செய்வது என்று மருத்துவர் முடிவெடுக்கவும் இந்த எண் உதவும். ஆனால் கணிப்பில் காட்டிய எடையை இலக்காக வைத்து ஊட்டாதீர்கள். விலாவைத் தடவினால் எலும்பு எளிதில் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும்; அதுதான் சரியான எடை. 2002-இல் வெளியான 48 லேப்ரடார்களின் ஆய்வில், 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டவை இடைமதிப்பில் 1.8 ஆண்டு அதிகம் வாழ்ந்தன. எந்த மரபணு அறிக்கையும் தர முடியாத ஆயுள் அது.

மற்றபடி, மாதிரியோடு நாயின் புகைப்படத்தைக் கட்டாயமாகக் கேட்கும் நிறுவனத்தைத் தவிர்த்துவிடுவேன். டிஎன்ஏ படிக்கப் படம் தேவையில்லை. மூலத் தரவைப் பதிவிறக்கத் தருகிறார்களா, ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று மறுக்க வழி இருக்கிறதா என்பதையும் பதிவு செய்யும்போதே பாருங்கள். உறவு நாய்களைத் தேடித் தரும் வசதி எம்பார்க்கில் நன்றாக இருக்கிறது, உடன்பிறந்த குட்டிகளைக் கண்டுபிடித்தவர்களுக்கு அது பெரிய மகிழ்ச்சி. இரண்டில் ஒன்று என்றால், நாட்டு நாய்க் கலப்பு அதிகம் என்று தோன்றும் நாய்க்கு எம்பார்க். தெளிவான இரண்டு மூன்று இனக் கலப்புக்கு விலை குறைவாகக் கிடைப்பது எதுவோ அது, உடல்நலப் பகுதியோடு.

10 வயது தாண்டிய நாய்க்கு இதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த வயதில் தொல்லை தருபவை ஈறு நோய், மூட்டு வாதம், சிறுநீரகத் தளர்ச்சி, கட்டிகள். இவற்றுக்கு ரத்தம், சிறுநீர், பல் பரிசோதனை என்று அந்தப் பணத்தைத் திருப்பிவிடலாம். விதிவிலக்கு ஒன்றுதான்: மயக்க மருந்தோ புற்றுநோய் மருந்தோ தொடங்கப்போகும் நாய். அதற்கும் முழு கிட் தேவையில்லை, எம்டிஆர்1-ஐ மட்டும் பார்க்கும் தனிச் சோதனையை மருத்துவர் வழியாகவே செய்துகொள்ளலாம்.